ஓடும்போதே தன்னைத் திருத்திக்கொள்ளும் மென்பொருள்

முன்னுரை

மனிதன் படைத்த கருவிகளுள் பெரும்பாலானவை பழுது நேர்ந்தால் நின்றுவிடுவன. நிறுத்திய பின்னரே திருத்தப்படுவன. தையற்பொறியின் ஊசி முறிந்தால் பொறியை நிறுத்திப் புது ஊசி பொருத்துகிறோம். கடிகாரம் பிந்தினால் அதனைத் திறந்து சரிசெய்கிறோம். ஆனால், நிறுத்தவே கூடாத பணிகளும் உலகில் உள்ளன. வானில் பறக்கும் ஊர்தி, நோயாளிக்கு மூச்சளிக்கும் கருவி, ஊர் முழுமைக்குமான தொலைபேசி இணைப்பகம், இரவு பகல் பாராது பணம் பரிமாறும் வங்கிக் கணிப்பொறி ஆகியவை ஒரு சில நொடிகள் தடைப்படினும் நேரும் இழப்பு பெரிது. இத்தகைய பணிகளை இன்று ஆள்வது மென்பொருள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சூழலை உணர்ந்து, தன் போக்கைத் தானே மாற்றிக்கொள்ளுமாறு அமைப்பது எங்ஙனம்? அவ்வாறு அமைப்பதில் உள்ள இடர்கள் யாவை? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறிக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். மொழி பயில்வோர்க்கு இப்பொருள் அயலானதன்று. ஒரு மொழியை ஒருநாளேனும் மூடிவைத்துத் திருத்த இயலாது. மக்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே அது சொற்களை ஏற்கிறது, சிலவற்றை விடுகிறது, ஆயினும் தன் கட்டுக்கோப்பை இழப்பதில்லை. இயங்குநிலையில் மாற்றம் என்பதை நன்கு உணர்ந்தவர்கள் மொழியறிஞர்களே எனலாம்.

மீகாமனும் மாலுமியும்

தானே தன்னைக் கட்டுப்படுத்தும் அமைப்புகளைப் பற்றிய அறிவியலுக்கு அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1948இல் 'சைபர்நெட்டிக்ஸ்' எனப் பெயரிட்டார். கப்பலின் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அப்பெயர் பிறந்தது. தமிழில் அவனை மீகாமன் என்றும் மாலுமி என்றும் வழங்குகிறோம். மாலுமி என்னும் சொல், ஆசிரியர் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் வழியாகக் கடல் வணிகத்தால் நம்மை வந்தடைந்தது.

பெயர்ப் பொருத்தம் ஆழமானது. மீகாமன் கரையில் இருந்தபோது வகுத்த திசையையே கண்மூடிப் பின்பற்றுவதில்லை. காற்று மாறுகிறது, நீரோட்டம் இழுக்கிறது. கப்பல் விலகியதை அவன் காண்கிறான், சுக்கானைத் திருப்புகிறான், திருப்பியதன் விளைவை மீண்டும் காண்கிறான். விளைவைக் கண்டு செயலைத் திருத்தும் இந்த முறையே பின்னூட்டம் எனப்படும். தகவமையும் மென்பொருள் அனைத்திற்கும் இதுவே வேர்.

முன்னோடிகள்

கணிப்பொறிக்கு முன்னரே இக்கருத்து பொறிகளில் வடிவம் பெற்றிருந்தது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூசா உடன்பிறந்தார் மூவர், 'கிதாபுல் ஹியல்' என்னும் தம் நூலில் எண்ணெய் குறையும்போது தானே நிரப்பிக்கொள்ளும் விளக்கையும், திரியைத் தானே உயர்த்தும் விளக்கையும் விளக்கியுள்ளனர். நீர்மட்டம் உயர்ந்தால் மூடியும் தாழ்ந்தால் திறந்தும் செயற்படும் மிதவை அடைப்புகளையும் அவர்கள் கையாண்டனர். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து அதே கொள்கையால் இயங்குவதே.

1788இல் ஜேம்ஸ் வாட் நீராவிப் பொறிக்கு ஒரு வேகக் கட்டுப்படுத்தியைப் பொருத்தினார். பொறி விரைந்தால் சுழலும் இரு குண்டுகள் விலகி உயரும், உயர்ந்தால் நீராவி வழி சுருங்கும், வேகம் தணியும். ஆனால் சில பொறிகள் தணிவதும் விரைவதுமாக ஊசலாடின. 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இதனைக் கணித முறையில் ஆராய்ந்து, எந்நிலையில் கட்டுப்பாடு அமைதியுறும், எந்நிலையில் தடுமாறும் என விளக்கினார். திருத்தும் ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது, திருத்தம் அளவோடும் காலத்தோடும் அமைதல் வேண்டும் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

நான்கு தொழில்களும் ஓர் அறிவும்

மென்பொருள்கள் பெருகிச் சிக்கலாகி, அவற்றைப் பேணுவதற்கு ஆள்வலிமை போதாமற்போனபோது, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் பால் ஹார்ன் 2001இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நாம் எண்ணாமலே நம் உடல் இதயத்துடிப்பை ஒழுங்குபடுத்துகிறது. வெப்பம் மிகுந்தால் வியர்க்கிறது. அதுபோலக் கணிப்பொறி அமைப்புகளும் தம்மைத் தாமே பேணவேண்டும் என்றார். அவ்வமைப்புகளின் இயல்புகளாகத் தன்னமைவு, தன்னைக் குணப்படுத்தல், தன் செயற்றிறனைச் செம்மையாக்கல், தன்னைக் காத்தல் என நான்கு கூறப்பட்டன.

2003இல் கெப்பார்ட், செஸ் என்னும் ஆய்வாளர் இருவர் இதற்கு ஓர் அமைப்பு முறையை விளக்கினர். கண்காணித்தல், ஆராய்தல், திட்டமிடல், நிறைவேற்றல் என்னும் நான்கு தொழில்கள் ஒரு சுற்றாக ஓயாது நிகழும். நான்கிற்கும் நடுவே, அமைப்பைப் பற்றிய அறிவுத் தொகுப்பு ஒன்று பொதுவாக இருக்கும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தேர்வு முடிவுகளை வெளியிடும் இணையதளம் ஒன்றைக் கொள்வோம். பிற நாட்களில் அதனை நாடுவோர் சிலர். முடிவு வெளியாகும் காலையில் பல இலட்சம் பேர். கண்காணிக்கும் பகுதி, ஒவ்வொருவரும் எத்தனை நொடி காத்திருக்கின்றனர் என அளக்கிறது. ஆராயும் பகுதி, அது வரம்பைக் கடந்ததா, கடந்தது கூட்டத்தாலா பழுதினாலா எனப் பிரித்தறிகிறது. திட்டமிடும் பகுதி, கணிப்பொறிகளைக் கூட்டுவதா, படங்களை நீக்கி மதிப்பெண்ணை மட்டும் காட்டுவதா எனத் தேர்கிறது. நிறைவேற்றும் பகுதி அதனைச் செய்கிறது. கூட்டம் குறைந்ததும் அதே சுற்று, கூட்டிய கணிப்பொறிகளைக் குறைக்கிறது. வேலை செய்யும் மென்பொருள் வேறு, அதனைப் பார்த்துத் திருத்தும் மென்பொருள் வேறு என இரண்டையும் பிரித்து வைப்பதே இவ்வமைப்பின் சிறப்பு. இரண்டும் ஒன்றாய்ப் பின்னிக் கிடந்தால், ஒன்றைத் தொடும்போது மற்றொன்று கெடும்.

நிலவில் இறங்கிய மென்பொருள்

ஓடும்போதே தன் சுமையைத் தானே குறைத்துக்கொண்ட மென்பொருளுக்குப் புகழ்பெற்ற சான்று, 1969 ஜூலை 20ஆம் நாள் நிலவில் இறங்கிய அப்போலோ 11 ஊர்தியின் கணிப்பொறி. அதன் மாற்றத்தக்க நினைவகம் 2048 சொற்களை மட்டுமே கொள்ளத்தக்கது. ஊர்தி இறங்கிக்கொண்டிருந்தபோது 1202 என்னும் எச்சரிக்கை எண் திரையில் தோன்றியது. பின்னர் 1201 என்பதும் தோன்றியது. இறங்குவதற்குத் தேவையற்ற ஒரு ராடார் கருவியினின்று வந்த பொருளற்ற குறிகள் கணிப்பொறியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. வேலைகள் குவிந்தன, அவற்றை வைக்க இடமில்லை.

சாதாரண மென்பொருளாயின் அந்நிலையில் செயலிழந்திருக்கும். ஆனால் அம்மென்பொருள், வேலைகளுக்கு முதன்மை வரிசை வகுத்து இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. நெருக்கடி நேர்ந்ததும் அது தன்னை ஒரு கணத்தில் மறுதொடக்கம் செய்தது. ஊர்தியைச் செலுத்துதல் போன்ற இன்றியமையாத வேலைகளை விட்ட இடத்தினின்று தொடர்ந்தது. பின்னர்ச் செய்யத்தக்க வேலைகளைக் கைவிட்டது. இவ்வாறு பலமுறை நிகழ்ந்தும் ஊர்தி தடம் மாறவில்லை. மார்கரெட் ஹாமில்டன் தலைமையில் உழைத்த மென்பொருள் குழுவினரின் முன்னறிவு அன்று இரு உயிர்களைக் காத்தது.

இந்நிகழ்ச்சியில் மற்றொரு கூறும் ஈண்டு நோக்கத்தக்கது. எச்சரிக்கை எண்ணைக் கண்டதும், இறங்குவதா திரும்புவதா என்று முடிவு செய்யவேண்டியவர்கள் தரைநிலையத்தில் இருந்த மனிதர்கள். சில வாரங்களுக்கு முன் நடந்த பயிற்சியொன்றில் இதுபோன்ற எச்சரிக்கை தோன்றியபோது, தேவையின்றிப் பயணத்தைக் கைவிடும் முடிவு எடுக்கப்பட்டது. அதன்பின் ஜாக் கார்மன் என்னும் இளம் பொறியாளர் எச்சரிக்கை எண்கள் ஒவ்வொன்றின் பொருளையும் பட்டியலிட்டு வைத்திருந்தார். ஆதலின் சில நொடிகளில் "தொடர்க" என்ற விடை கிடைத்தது. பொறி தன்னைத் திருத்திக்கொண்டது. அது என்ன செய்கிறது என்பதை மனிதர் அறிந்திருந்தனர். இரண்டும் சேர்ந்ததாலேயே வெற்றி கிட்டியது.

நெரிசலில் விட்டுக்கொடுத்தல்

1986 அக்டோபரில் கலிபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடையிலான கணிப்பொறி இணைப்பில் பெரும் நெரிசல் ஏற்பட்டது. இரண்டிற்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 400 கெஜமே. நொடிக்கு 32,000 பிட் சென்ற தகவல், நொடிக்கு 40 பிட் என்ற அளவிற்கு வீழ்ந்தது. காரணம் எளியது. அனுப்பிய பொதி சேர்ந்ததற்கு ஒப்புகை வரத் தாழ்ந்தால், ஒவ்வொரு கணிப்பொறியும் அதே பொதியை மீண்டும் அனுப்பியது. நெரிசலால் பொதி தாழ்ந்தது, தாழ்ந்ததால் மேலும் பொதிகள் புகுந்தன, நெரிசல் மிகுந்தது.

வான் ஜேக்கப்சன் 1988இல் இதற்குத் தீர்வை விளக்கி வெளியிட்டார். தொடக்கத்தில் சிறிதளவே அனுப்புக. ஒப்புகை வரவர அளவைக் கூட்டுக. ஓரளவிற்குப்பின் சிறிது சிறிதாக மட்டுமே கூட்டுக. பொதி தொலைந்தால் அதனை நெரிசலின் அடையாளமாகக் கொண்டு உடனே அளவைப் பெரிதும் குறைத்துக்கொள்க. மெல்ல உயர்தலும் விரைந்து தாழ்தலும் இதன் உயிர்நாடி. ஆணையிடும் தலைமை எதுவுமின்றி, ஒவ்வொரு கணிப்பொறியும் தன் முன் தெரியும் குறிகளைக் கொண்டே தன்னை ஒடுக்கிக்கொள்கிறது. அதனால் அனைவருக்கும் வழி கிடைக்கிறது. இக்கொள்கையின் வழிவந்த முறைகளே இன்றும் இணையத்தைத் தாங்குகின்றன.

பேச்சு அறுபடாமல் நிரலை மாற்றுதல்

மேற்கண்டவை அளவையும் வரிசையையும் மாற்றுவன. நிரலையே மாற்றுவது இதனினும் அரிது. சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் அவர்தம் துணைவரும் 1980களின் நடுவில் உருவாக்கத் தொடங்கிய எர்லாங் என்னும் நிரல்மொழி இதற்கு வழிகண்டது. தொலைபேசி இணைப்பகத்தில் எந்நேரமும் யாரேனும் பேசிக்கொண்டிருப்பர். புதிய நிரலை ஏற்றுவதற்காக அனைவர் பேச்சையும் துண்டிக்க இயலுமோ?

எர்லாங் முறையில் ஒரு நிரற்பகுதியின் பழைய வடிவும் புதிய வடிவும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்கலாம். பழைய வடிவில் தொடங்கிய வேலைகள் அதிலேயே நடைபெறும். அடுத்த அழைப்பின்போது புதியதற்கு மாறும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தபோது, பழைய வடிவில் அச்சான நூல்கள் ஒரே நாளில் பயனற்றுப் போகவில்லை. இருவகை எழுத்தையும் படிக்க வல்ல தலைமுறை ஒன்று இடையில் நின்று மாற்றத்தைத் தாங்கியது. எர்லாங்கின் ஏற்பாடும் அத்தகையதே.

இம்மொழியின் மற்றொரு கொள்கை, பழுதுற்ற சிறு பகுதியைச் சாகவிடுதல். ஒவ்வொரு சிறு வேலையும் தனித்து இயங்கும். அதனைக் கண்காணிக்கும் மேற்பார்வை நிரல் ஒன்று இருக்கும். வேலை செயலிழந்தால் மேற்பார்வை நிரல் அதனைத் தூய நிலையிலிருந்து மீண்டும் தொடங்கும். ஒருவர் பேச்சு அறுந்தாலும் ஊரார் பேச்சு அறாது. பல கோடி மக்கள் பயன்படுத்தும் வாட்ஸ்அப் சேவையும் எர்லாங் மொழியைக் கொண்டு கட்டப்பட்டதே.

திருத்தும் முறையைத் திருத்துதல்

பிரித்தானிய உளமருத்துவர் ராஸ் ஆஷ்பி 1948இல் 'ஹோமியோஸ்டாட்' என்றொரு பொறியை அமைத்தார். ஒன்றோடொன்று இணைந்த நான்கு பகுதிகள் அதில் இருந்தன. சிறு தொல்லை நேர்ந்தால் அவை தம்மைச் சமன்செய்துகொண்டன. தொல்லை வரம்பு மீறினால், பகுதிகளுக்கு இடையிலான உறவையே பொறி மாற்றிப் பார்த்தது. சமநிலை கிட்டும்வரை வேறு வேறு உறவுகளை முயன்றது.

தகவமைப்பில் இரு படிகள் உள்ளன என்பதை இது காட்டும். அளவைத் திருத்துதல் முதற்படி. திருத்தும் முறையையே மாற்றுதல் இரண்டாம் படி. ஆஷ்பி 1956இல் மற்றோர் உண்மையையும் வலியுறுத்தினார். சூழல் எத்தனை வகையில் மாறக்கூடுமோ, அதற்கு ஈடான பல்வகைமை கட்டுப்படுத்தும் அமைப்பிடமும் இருத்தல் வேண்டும். ஒரே மருந்தை வைத்திருப்பவன் எல்லா நோய்க்கும் மருத்துவனாகான்.

இடர்கள்

இதுவரை நன்மை கண்டோம். இனி, தீங்கு எவ்வாறு நேர்கிறது எனக் காண்போம்.

முதலாவது, பொய்யான உணர்வு. போயிங் 737 மேக்ஸ் வானூர்தியில், மூக்கு மிகையாக உயர்ந்தால் அதனைத் தானே தாழ்த்தும் மென்பொருள் ஒன்று இருந்தது. தன்னையே மாற்றிக்கொள்ளும் மென்பொருள் அன்று அது. எனினும் உணர்ந்து திருத்தும் சுற்றின் இலக்கணம் உடையது. அது ஒரு நேரத்தில் ஒரே ஓர் உணரியை மட்டும் நம்பியது. 2018 அக்டோபர் 29இல் இந்தோனேசியாவிலும், 2019 மார்ச் 10இல் எத்தியோப்பியாவிலும், அவ்வுணரி தந்த தவறான அளவை நம்பி மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தள்ளியது. விமானிகள் போராடியும் இரு வானூர்திகளும் வீழ்ந்தன. 346 பேர் மாண்டனர். முதல் விபத்து நேரும்வரை, இப்படியொரு மென்பொருள் உண்டு என்பதே விமானிகளின் கையேட்டில் விளக்கப்படவில்லை. பின்னர்த் திருத்தப்பட்ட அமைப்பு இரு உணரிகளையும் ஒப்பிடுகிறது. அவை முரண்பட்டால் தலையிடுவதில்லை.

இரண்டாவது, ஒன்றை ஒன்று தூண்டும் சுற்றுகள். 2011 ஏப்ரலில், ஈயின் உடல் உருவாகும் முறை பற்றிய ஓர் அறிவியல் நூலுக்கு அமேசான் தளத்தில் விலை 2 கோடியே 36 இலட்சம் டாலரைக் கடந்தது. விற்பனையாளர் இருவரின் மென்பொருள்களே காரணம். ஒன்று, மற்றவர் விலையின் 0.9983 மடங்காகத் தன் விலையை வைத்தது. மற்றொன்று, முன்னவர் விலையின் 1.270589 மடங்காக வைத்தது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1.268. ஒவ்வொரு சுற்றிலும் விலை நூற்றுக்கு 27 என்ற அளவில் ஏறியது. தனித்துப் பார்த்தால் இரண்டு விதியும் பிழையற்றவை, இணைந்தபோது அறிவிழந்தன. மேல்வரம்பு ஒன்றை எவரும் வைக்கவில்லை.

மூன்றாவது, யாரிடம் கற்பது என்ற வினா. 2016 மார்ச்சில் மைக்ரோசாப்ட் நிறுவனம், மக்களோடு உரையாடிக் கற்றுக்கொள்ளும் 'டே' என்னும் மென்பொருளை வெளியிட்டது. சிலர் திட்டமிட்டு இழிசொற்களையும் வெறுப்புரைகளையும் ஊட்டினர். ஒரு நாளைக்குள் அது அவற்றையே பேசத் தொடங்கியதால் நிறுத்தப்பட்டது. கற்கும் ஆற்றல் இருந்தது. தக்கதைத் தெரியும் ஆற்றல் இல்லை.

அமைப்போர் கொள்ளத்தக்க நெறிகள்

மேற்கண்ட வெற்றிகளிலிருந்தும் வீழ்ச்சிகளிலிருந்தும் சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

1. எது மாறலாம், எது எந்நிலையிலும் மாறலாகாது என்பதை முதலிலேயே வரையறுத்தல் வேண்டும். வரம்பில்லாத் தகவமைப்பு தடம்புரளும்.

2. உணரி பொய்க்கும் என்பதை எதிர்பார்த்தல் வேண்டும். சான்றுகள் முரண்படுமிடத்துச் செயலைக் காட்டிலும் அடக்கமே நன்று.

3. ஒவ்வொரு சிறு அசைவிற்கும் எதிர்வினை கூடாது. குளிர்சாதனப் பெட்டி ஒரு வெப்பநிலையில் ஓடத் தொடங்கி, அதனினும் தாழ்ந்த வேறொரு வெப்பநிலையில் நிற்கிறது. அந்த இடைவெளி இல்லையேல் கணந்தோறும் ஓடி நின்று பழுதாகிவிடும். மென்பொருளுக்கும் அத்தகைய பொறுமை தேவை.

4. செய்த மாற்றத்தையும் அதன் காரணத்தையும் பதிவு செய்தல் வேண்டும். காரணம் கூறவியலாத மாற்றத்தைப் பின்னர் எவராலும் திருத்த இயலாது.

5. பழைய நிலைக்குத் திரும்பும் வழி எப்போதும் திறந்திருத்தல் வேண்டும்.

6. மனிதன் கைக்கு இறுதி அதிகாரம் இருத்தல் வேண்டும். அதிகாரம் இருந்தும் அறிவு இல்லையேல் பயனின்று. ஆதலின் பொறி என்ன செய்யும் என்பதை அதனை ஆள்வோர்க்கு முன்னரே கற்பித்தல் வேண்டும்.

முடிவுரை

தானே திருந்தும் மென்பொருள் வந்துவிட்டால் மனிதப் பொறுப்பு குறையும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. பழைய பொறியை அமைத்தவன் அது என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் எண்ணினால் போதும். தகவமையும் பொறியை அமைப்பவனோ, தான் அருகில் இல்லாத வேளையில், தான் காணாத சூழலில், அது எவ்வாறு முடிவெடுக்கும் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். அப்போலோவில் எந்த வேலையைக் கைவிடலாம் என்பதைப் பொறி அந்நொடியில் தானாகக் கண்டறியவில்லை. எது இன்றியமையாதது என்பதை மனிதர் முன்னமே சிந்தித்து வைத்திருந்தனர். சிந்தியாது விடப்பட்ட இடத்தில்தான் பிற்காலத்தில் உயிர்கள் பலியாயின.

நம் கல்லூரியில் கணிப்பொறி பயிலும் மாணவர்கள் நாளை இத்தகைய அமைப்புகளை ஆக்கப்போகின்றனர். பிற துறை மாணவர்களும் பெரியோர்களும் அவற்றின் முடிவுகளுக்கு உட்பட்டு வாழப்போகின்றனர். வங்கியில், மருத்துவமனையில், பயணத்தில் ஒரு பொறி முடிவெடுத்துவிட்டது என்று கூறப்படுமாயின், அது எதனை உணர்ந்தது, எந்த வரம்பிற்குள் முடிவெடுத்தது, அதனைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்று கேட்கும் உரிமை நம் அனைவர்க்கும் உண்டு. அவ்வினாக்களைத் தெளிவாகக் கேட்பதற்கு மொழி வேண்டும். அதனை அளிப்பது தமிழ்த்துறையின் கடமை. சுக்கான் பிடிப்பவனை ஆசிரியன் என்று அழைத்த மக்கள் வழக்கு, கற்பித்தலும் வழிநடத்தலும் ஒன்றே என்பதை உணர்த்துகிறது. பொறி எத்துணை வளர்ந்தாலும் அவ்விடம் மனிதனுக்கே உரியது.